பச்சையில் நின்ற திரை

இந்தத் தே ஓவில் பால்தான் இல்லை, சீனி அதிகம். வாங்கிக் கொடுத்தவரிடம் அதைச் சொல்வது அழகில்லை என்று பேசாமல் குடிக்கிறேன். ருமைசா புவான், விசாரணை அதிகாரி நீங்கள். கேட்டதற்கு ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் புனிதா. ரெம்பாவுக்கு உள்ளே இருக்கும் இந்தச் செம்பனை ஆலையில் ஆறு வருடமாகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். வேலையோடு தோட்டத்தில் ஒரு வீடும் கொடுத்தார்கள். வேலை போனால் வீடு போகும். வீடு போனால் மம்பாவில் இருக்கும் என் கணவரிடம் திரும்ப வேண்டும். அவரைப் பற்றி இங்கே வேண்டாம். என் இடது காது கேட்காது என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

கழிவுநீர்க் குழியில் விஷவாயுவை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அது அனுப்பும் எண் என் அறைத் திரையில் தெரியும். பச்சை என்றால் ஆள் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது. குழிக்குப் போகிறவர்கள் என் ஜன்னலில் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எந்தத் தாளிலும் எழுதாத வழக்கம் இது.

போன வருடம், அந்த எண்ணை வாங்கும் சர்வரில் புது நெட்வொர்க் கார்டு போட்டோம். அதன்பின் சில நாளுக்கொருமுறை திரை நின்றுபோகும். கார்டில் விளக்கு எரியும், உள்ளே ஒன்றும் வராது. கடைசியாக வந்த எண்ணையே திரை காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மாதம் தேடினேன். பிழை, கணினியின் உள்மையமான கெர்னலில், அந்தக் கார்டை ஓட்டும் டிரைவர் என்ற நிரலில் இருந்தது. தகவல் வந்து பெட்டியில் விழுந்தால் கார்டு மணியடிக்கும். கெர்னல் வந்து, மணியை நிறுத்தி, பெட்டியைக் காலி செய்துவிட்டு, மணியைத் திறந்துவிட்டுப் போகும். காலி செய்ததற்கும் திறப்பதற்கும் நடுவில் ஏதாவது வந்து விழுந்தால் அதற்கு மணி அடித்திருக்காது. சொல்லியாயிற்றே என்று கார்டு இருக்கும். கூப்பிடவில்லையே என்று கெர்னல் இருக்கும். போகுமுன் பெட்டியை இன்னொரு தடவை பார் என்று சில வரிகள் சேர்த்தால் போதும். சேர்த்து, பழைய கணினி ஒன்றில் அதே வகைக் கார்டைப் போட்டு மூன்று நாள் ஓட்டினேன். ஒருமுறையும் நிற்கவில்லை.

அந்த வரிகளைச் சர்வரில் போடவில்லை.

அந்த வாரம்தான் நிர்வாகி வசந்தன், இனி எல்லா ஆலைகளின் கணினிகளையும் சுங்கை காடுட் தலைமை அலுவலகத்திலிருந்தே பார்த்துக்கொள்வோம், இங்கே ஆள் வேண்டாம் என்றார். பிறகும் திரை நின்றபோதெல்லாம் என்னைத்தான் கூப்பிட்டார். கார்டை அணைத்துப் போட்டால் ஒரு நிமிடத்தில் சரியாகும். நான் அரைமணி எடுத்துக்கொள்வேன். "நீ இல்லாம ஆகாது போலருக்கே லா" என்பார். அன்றெல்லாம் நன்றாகத் தூங்கினேன். தானாக நிற்காத வாரங்களில் பெரிய கோப்புகளை அனுப்பி நானே நிற்கவைத்தேன்.

போன செவ்வாய், தலைமை அலுவலக ஆட்களோடு வசந்தன் ஒன்பது மணிக்கு வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் சரிசெய்து காட்ட, எட்டே முக்காலுக்கே திரையை நிறுத்திவைத்தேன். அவர்கள் வரத் தாமதமாயிற்று. ஒன்பது இருபதுக்குக் குழியில் வேலை செய்யும் முருகையா அண்ணன் ஜன்னலுக்கு வந்தார்.

"என்ன தங்கச்சி, உன் பெட்டி வேலைக்கு வந்திருக்கா, இல்ல எம்சி போட்டுப் படுத்துருச்சா?"

"வந்திருக்குண்ணே."

"பச்சைதானே?"

திரையைப் பார்த்தேன். "பச்சைதாண்ணே."

அது பொய் இல்லை, புவான். திரை பச்சையாகத்தான் இருந்தது. முதலில் சரிசெய்திருக்கலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் வருகிறவர்கள் ஓடும் திரையைப் பார்த்துத் திருப்தியோடு போயிருப்பார்கள். அண்ணன் கையுறையை மாட்டிக்கொண்டே போனார். குழியிலேயே இறந்துவிட்டார். கருவியின் சொந்தப் பதிவில் ஒன்பது பத்திலிருந்தே சிவப்பு. வாயு கொன்றது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். புனிதா என்று மாற்றிக்கொள்ளலாம்.

இதே கார்டு எங்கள் கம்பெனியின் மற்றப் பதினொரு ஆலைகளிலும் இருக்கிறது, அங்கேயும் ஆட்கள் குழியில் இறங்குகிறார்கள், திருத்திய வரிகளை எழுதிக் கொடு என்று தாளை நகர்த்துகிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது.

பதினொரு ஆலைக்கும் நானே போய்ப் போட்டுத் தருகிறேன். வசந்தனிடம் சொல்லுங்கள், அவர் என்னைக் கூப்பிடுவார். எழுதித் தர மட்டும் கேட்காதீர்கள், புவான்.