தூங்க மறுத்த லேப்டாப்

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் கிடங்குகளின் மதில், நடுவில் ஒரே ஒரு ரோடு. ஈ காக்கை இல்லை. அதில் பைக்கில் வந்துகொண்டிருந்தவன் என் மச்சினனோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவன். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம்... ஆனால் தனியாகத்தான் போகணும். என்ன, ஒருத்தரும் அசையக் காணோம்? சரி, கேளுங்கள்.

அவன் முதுகில் ஒரு பை. பைக்குள் ஒரு பழைய லேப்டாப். அதன் பேட்டரியைக் கழற்றி, தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தான்.

டிங்... டிங்.

பைக்குள்ளிருந்துதான். சடாரென்று பிரேக்கை அழுத்தினான். அந்த மணியை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஆபீஸில் அவனுக்கு டக்டக் என்று பட்டப்பெயர். மவுஸைத் தொடவே மாட்டான். கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளை டக்டக்கென்று தட்டுவான். பேட்டரி எவ்வளவு மிச்சம், எந்த மெஷின் தூங்கலாம், எது முழித்திருக்கணும், எல்லாமே தட்டித்தான். "ஏன்டா, மவுஸ் உன்னைக் கடிச்சிடுமா?" என்று கிண்டல் செய்வார்கள். அவனுக்கு அதில் பெருமை தாங்காது.

அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். மாமா மாமா என்று இவன் உயிரையே வைத்திருந்தவர், பேச்சு போய்ப் படுத்த படுக்கையாகிவிட்டார். ஒரு விரல் மட்டும் அசையும். டக்டக்தான் வழி செய்தான். கட்டிலருகே இந்த லேப்டாப்பை வைத்து, வயரில் ஒரு பட்டனைக் கோத்து, மாமாவின் விரலுக்கடியில் கொடுத்தான். அழுத்தினால் டிங் டிங் என்று மணி அடிக்கும், அக்கா ஓடி வருவாள். சும்மா இருக்கும் லேப்டாப் தானாகத் தூங்கிவிடுமே, அப்புறம் பட்டன் இருந்தும் பிரயோஜனமில்லையே? அதற்கும் ஒரு கட்டளை போட்டான். இவர் கூப்பிடுவார், தூங்காதே என்று. லேப்டாப்பிலேயே ஒரு சிம் போட்டு, ஆபீஸிலிருந்தே நெட் வழியாக உள்ளே நுழைந்து பேட்டரியையும் பார்த்துக்கொள்வான். "என் தம்பி புண்ணியத்துலதான் ராத்திரி கொஞ்சம் கண்ணை மூடறேன்" என்று அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ஒருநாள் மத்தியானம் அக்கா வீட்டில் கரண்ட் போய்விட்டது. ஆபீஸிலிருந்தபடியே மாமாவின் லேப்டாப்புக்குள் போய்ப் பார்த்தான். பேட்டரி தாங்கும். சரி, சாப்பிடப் போகலாம் என்று தன் மெஷினைத் தூங்க வைக்கக் கட்டளையைத் தட்டினான். திரையில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு ஜன்னல்கள். ஒன்று அவனுடையது, ஒன்று மாமாவுடையது. தட்டியது மாமாவுடையதில். மெஷின் மறுத்தது. தூங்கக் கூடாதென்று ஒருவர் தடுத்திருக்கிறார் என ஒரு வரி வந்தது. அதை அவன் படிக்கவே இல்லை. இந்த வேலைக்காரர்களுக்கு அது கைப்பழக்கம். மெஷின் முரண்டு பிடித்தால், கட்டாயப்படுத்தும் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஒரு தட்டு. தட்டினான். தூங்கிவிட்டது.

தன் மெஷின் அப்படியே முழித்திருப்பதைப் பார்த்ததும்தான் உறைத்தது. தூங்கிய லேப்டாப்பை இங்கிருந்து எழுப்ப முடியாது. யாராவது அதன் பக்கத்தில் போய் எழுப்பணும். அக்காவுக்கு ஒரு போன் போட்டால் போதும். போனை எடுத்தான்... "அக்கா, தப்பாத் தட்டிட்டேன்" என்று எந்த வாயால் சொல்வது? அத்தனை ஜம்பம் பேசிய வாய் அல்லவா? வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கா எப்படியும் பார்ப்பாள் என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனான். பாவி, வயிறு நிறையச் சாப்பிட்டான்.

அக்கா அறைக்குள் வந்தபோது மாமா போய்ச் சேர்ந்திருந்தார்.

சேதி கேட்டு ஓடிப்போனவன் முதல் காரியமாக, யார் கண்ணிலும் படாமல் லேப்டாப்பை எழுப்பி வைத்தான்.

"கஷ்டப்படலடா தம்பி. கஷ்டமா இருந்தா கூப்பிட்டிருப்பார்ல? மணியே அடிக்கல. தூக்கத்துலயே போயிட்டார்" என்று அக்கா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கிருந்த ஒரே ஆறுதல் அது. வந்தவர்களெல்லாம், இப்படி ஒரு மச்சினன் யாருக்குக் கிடைப்பான் என்று அவன் முதுகைத் தட்டினார்கள். கூனிக் குறுகி நின்றான்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா லேப்டாப்பை எடுத்து நீட்டினாள். "நீயே வச்சுக்கடா. இதப் பாத்தா எனக்குத் தாங்கல." அதைத்தான் அன்றைக்கு எடுத்துக்கொண்டு வந்தான்.

டிங்... டிங்.

ரோட்டோரம் பையைத் திறந்தான். மருந்தும் டெட்டாலும் கலந்த வாசனை குப்பென்று அடித்தது. மாமாவின் அறை வாசனை. லேப்டாப் ஜுரம் கண்ட உடம்பு மாதிரி கொதித்தது. மூடியைத் திறந்தால் திரை எரிகிறது. பழக்க தோஷத்தில், பேட்டரி எவ்வளவு என்று கேட்டான். பேட்டரி இல்லை என்றது. தூங்கச் சொல்லித் தட்டினான். மறுத்தது. கட்டாய எழுத்தைச் சேர்த்தான்... மறுத்தது. யார் தடுப்பது என்று கேட்டான். இந்தத் தடவை எழுத்தெழுத்தாகப் படித்தான்.

தடுப்பவர் என்ற இடத்தில் மாமாவின் பெயர். காரணம் என்ற இடத்தில்... இன்னும் யாரும் வரவில்லை.

"மாமா, மன்னிச்சிடுங்க மாமா! சொல்லிடறேன். இப்பவே அக்காகிட்ட போய்ச் சொல்லிடறேன்" என்று நடுரோட்டில் உட்கார்ந்து கதறினான். திரை அணைந்தது.

வண்டியைத் திருப்பினான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் கிளம்பினான். ஆனால் மனித மனசு இருக்கிறதே... போகப் போக வார்த்தை மாறியது. கரண்ட் போனதால் என்று சொல்லலாமா? மெஷின் பழசு என்று சொல்லலாமா? வீடு வருவதற்குள் நல்லதாக ஒரு பொய் தயார்.

அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அக்கா... அன்னைக்கு அந்த மெஷின் தானாவே..."

"வேண்டாம்டா" என்றாள். "அவரே எல்லாத்தையும் சொல்லிட்டார். நீ போனை எடுத்து, யோசிச்சு, திரும்ப உள்ள வச்சது வரைக்கும். எத்தனை வருஷமா வராத பேச்சு... ஒரு வார்த்தை குழறலடா."

இருட்டாக இருந்த உள்ளறையில் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது.

அக்கா ஒதுங்கி வழிவிட்டாள். "உள்ள போ. உன்கிட்டயும் பேசணுமாம்."