பேசாத சட்டை

பிள்ளைகளே, மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போகும் படகில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓணத்துக்கு வடம் இழுக்கும் கயிறிழுப்புப் போட்டியில், பெண்கள் குழுவில் இருப்பவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. இளையவள் தன் தோளைத் தொட்டுச் சொன்னாள்:

“இந்தச் சட்டை நல்லாத்தான் பிடிச்சு விடுது சேச்சி. ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது.”

அது உடம்போடு ஒட்டிக் கிடக்கும் இறுக்கச் சட்டை. விளையாடி முடித்த பிறகு தசைவலி குறையட்டும் என்று போடுவார்கள்.

“வலி குறைஞ்சுதா இல்லியா, அமுதா?”

“கொஞ்சம் குறைஞ்சிருக்கு. இருந்தாலும் இந்த வருஷம் நான் இழுக்க வரல. முன்னெல்லாம் இழுத்து முடிச்சதும், வடத்துல நின்ன வரிசையிலேயே தரையில உட்காருவோம். முன்னாடி இருக்கறவ தோளைப் பின்னாடி இருக்கறவ அமுக்குவா. கடைசியில நிக்கற உங்களுக்கு ஆளில்லேன்னு எல்லாரும் அப்படியே திரும்பி உட்காருவோம். என்னா சிரிப்பு! இப்போ ஆளுக்கொரு சட்டை. மாட்டிக்கிட்டு பஸ் பிடிக்க ஓடறோம்.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“நீ வரலேன்னா எனக்கு முன்னாடி யாருடி நிப்பா? என் தோளும்தான் ரொம்ப நாளா சும்மா கிடக்கு. ஞாயித்துக்கிழமை வா. ஒருத்தியையும் ஓட விடமாட்டேன்.”

“அப்போ சட்டை?”

“போட்டுக்கோ. அதுக்கு மேலயே அமுக்கறேன்.”

“உங்க கைக்கு நான் கத்துவேன் சேச்சி.”

“கத்து மோளே. அதைக் கேட்டு எத்தனை நாளாச்சு!”