நான் வாசித்துக் காட்டிய விமர்சனங்கள்

விமர்சகர் ஐயா அவர்களுக்கு,

அன்று அரங்கில் யார் எங்கே இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நீங்கள் மூன்றாம் வரிசையில், நடைவழி ஓரம். உங்களுக்குப் பின்னால் தொண்டை மருத்துவர், ரசிகராகத்தான் வந்திருந்தார். நான் முதல் வரிசைக் கடைசியில். மேடையில் பியானோ வாசிப்பவர், பக்கத்தில் பாட நின்ற என் மனைவி.

தன்னைப் பற்றிய விமர்சனத்தை அவள் தன் கண்ணால் படிக்கமாட்டாள். முன்பொருமுறை ஒருவர் அவளுடைய உச்சக்குரலைக் குறை சொன்னதைப் படித்துவிட்டுப் பதினொரு நாள் அறைக்கதவைத் திறக்கவில்லை. அதிலிருந்து காலைக் காப்பியோடு நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

உங்கள் பாராட்டுகளை ஆறு ஆண்டுகள் எழுத்துப் பிசகாமல் வாசித்தேன்.

"கஞ்ச மனுஷனாச்சே, இவ்வளவு தாராளமாவா எழுதியிருக்காரு? அந்த வரிய இன்னொரு தடவை படிங்க" என்பாள்.

பாராட்டு உங்களுடையது, வாய் என்னுடையது. அவள் சிரித்தது என்னைப் பார்த்துத்தான்.

சென்ற ஆண்டு, மேல் சுரங்களில் ஒரு கீறல் கேட்கிறது, மூன்று மாதமாவது பாடாமலிருந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எழுதினீர்கள். மேல் சுரங்கள் கண்ணாடியாய்த் துலங்கின, மூன்று மாதத்துக்குள் மறுபடி கேட்க வேண்டும் என்று வாசித்தேன். நாக்கு அப்படிப் போய்விட்டது. நான் என்ன செய்ய?

"தொண்டை கரகரன்னு இருக்குங்க. ஆனா அவரே இப்படி எழுதறாருன்னா, எனக்குத்தான் பிரமை" என்றாள்.

ஆமாம் என்றேன்.

இன்னும் இரண்டு முறை எழுதினீர்கள். கடைசியில், அன்றைய நிகழ்ச்சியையாவது நிறுத்தச் சொல்லி வீட்டுக்கே கடிதம் போட்டீர்கள். நீங்கள் தவறாமல் வருவதாக வாசித்தேன். உங்களுக்காகவே கடைசிப் பாட்டில் ஓர் உச்ச சுரத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டாள். அதில்தான் தொண்டையில் ரத்தம் கட்டிக் குரல் அறுந்தது. மருத்துவர் மேடைக்கு ஓடினார். நான் திரும்பியபோது நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இனி ஒருநாளும் பாட முடியாது என்று மருத்துவர் என்னிடம்தான் சொன்னார். அவளிடம் எடுத்துச் சொல்வது என் பொறுப்பாம். மூன்று மாதம் பேசாமலிருந்தால் போதுமாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வார்த்தையும் பேசாமல் தாளில் எழுதிக் காட்டுகிறாள். அன்றைய நிகழ்ச்சியைப் பற்றி நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று நேற்று எழுதிக் கேட்டாள். நீங்கள் எதுவும் எழுதவில்லை. மடித்த பத்திரிகையைப் பார்த்து ஒரு பத்தி வாசித்தேன்.

என்னைப் பற்றி யாரிடம் சொன்னாலும் மறுக்கமாட்டேன். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம், தாங்கமாட்டாள்.

இதை நன்றிக் கடிதம் என்று சொல்லியிருக்கிறேன். பசைப்புட்டியோடு எதிரில் காத்திருக்கிறாள். உறையின் பின்புறம் ஒரு வரியும் எழுதிவிட்டாள்: "அடுத்த நிகழ்ச்சிக்கும் நீங்கள் அவசியம் வர வேண்டும்."

மடித்துக் கொடுக்கிறேன். அவளே ஒட்டித் தபாலில் சேர்த்துவிடுவாள்.