வெண்துணிக்கு முகம் எதற்கு?

இந்த அவைக்குத் தலைமை தாங்கித் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் மிசுகுரே ஊர்மன்றத் தலைவர் இச்சினோசே அவர்களே. வெண்துணிக் கழியைத் தாங்கி ஆற்றங்கரை நெடுக நடந்து நடந்து தோள் இறங்கிப்போன பெரியவர்களே. அந்தத் துணியை ஆண்டுதோறும் ஆற்று நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மடிப்புக் கலையாமல் காத்துத் தரும் தாய்மார்களே. ஒளி விழா எடுக்கத் தலைநகரிலிருந்து வந்து, சற்று முன் என்னை வானளாவப் புகழ்ந்துவிட்டு, இப்போது என் முகத்தைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டிருக்கும் நிறுவனப் பொறுப்பாளர் குவாஹாரா அவர்களே. நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் இளையோரே. நாற்காலியே தேவைப்படாமல் இந்த அவையில் வந்து அமர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத நம் உறவுகளே. உங்கள் அனைவருக்கும் தொகாஷி சிஹாருவின் வணக்கம்.

வாழ்த்திப் பேச வாருங்கள் என்று அழைத்தீர்கள். வாழ்த்தைத்தான் வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். மேடையேறி, இங்கே கட்டித் தொங்கவிட்டிருக்கும் வெண்துணியையும், அதன்மேல் புரொஜெக்டர் ஒளியில் எரிந்துகொண்டிருக்கும் அந்த மூஞ்சியையும் பார்த்ததும் வாழ்த்து வற்றிவிட்டது. மிச்சம் இருப்பது கோபம். தலைவர் அனுமதித்தால் அதைப் பேசுகிறேன். அனுமதிக்காவிட்டாலும் அதைத்தான் பேசப்போகிறேன்.

யாரது சிரிப்பது? சிரியுங்கள். சிரிப்பைப் பற்றியும் ஒரு சேதி வைத்திருக்கிறேன்.

என் முதுகுக்குப் பின்னால் அவன் நிற்கிறான். தட்டு அகலத்துக்குக் கண்கள். கன்னத்தில் சிவப்பு. தலையில் ஒரு நீர்த்துளி. இவர்தான் நம் ஆற்றுச் சாமியாம். பெயர்கூட வைத்தாகிவிட்டது; அந்தப் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன். இந்த உரை முடியும்வரை திரும்பியும் பார்க்கமாட்டேன்.

இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். கோடைத் திருவிழா அன்று, பொழுது சாயும் வேளையில், நாற்புறமும் வெண்துணி கட்டிய கழிகளைத் தாங்கி எங்கள் ஆண்கள் நிகோரி ஆற்றங்கரையில் நடப்பார்கள். துணிக்கு நடுவே என்ன இருக்கிறது? பல்லக்கு இல்லை. பெட்டி இல்லை. சிலை இல்லை. ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததைச் சுற்றித்தான் அத்தனை பக்தியாகத் துணி பிடிக்கிறோம். தூக்குகிறவர்கள் தலை நிமிரக் கூடாது. பார்க்கிறவர்கள் பேசக் கூடாது. 'ஓ' என்று அடித்தொண்டையில் ஒரு முனகல், கரை முழுக்க, வாய் மாற்றி வாய் வரும். அந்த ஒலிக்கு நடுவே சாமி போகிறார்.

சாமியைப் பார்த்தாயா என்று கேட்டால் யாரும் பார்த்ததில்லை. பார்க்கவில்லையா என்று கேட்டால் யாரும் பார்க்காமல் இருந்ததில்லை.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியாதவர்களை வரையவே கூடாதா என்று கேட்பீர்கள். நானா அப்படிச் சொல்வேன்? வரைந்து வரைந்தே வயிறு வளர்த்தவள் நான். கிழிந்த குடைக்கு ஒற்றைக் கண் வைத்தவர்கள் நம் முன்னோர். உழைத்துத் தேய்ந்த துடைப்பமும் செருப்பும் ஊர்வலம் போவதைச் சுருள் சுருளாக வரைந்தவர்கள். மரப்பெட்டிக்குள் விளக்கேற்றி, அந்தப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இருட்டில் ஓடியோடிக் காகிதத் திரையில் ஆவிகளை ஆடவிட்டவர்கள். மரத்தில் செதுக்கிய முகமூடியைக் கொஞ்சம் சாய்த்தால் அழுகிறது, கொஞ்சம் நிமிர்த்தினால் சிரிக்கிறது என்று கண்டுபிடித்தவர்கள். தெருவில் படக்கதை சொன்னவர் அட்டையை ஒரேயடியாகவா உருவினார்? பாதி உருவி நிறுத்துவார். பேயின் கை மட்டும் தெரியும். மீதிப் பேயைப் பிள்ளைகள் தாங்களே செய்துகொள்வார்கள். இன்று கணினி விளையாட்டில் காலடிச் சத்தம் மட்டும் வருகிறதே, ஆளைக் காட்டாமல், அதுவும் அந்த அட்டைக்காரரின் கைவரிசைதான்.

இத்தனை பேரும் செய்தது ஒரே வேலை. காட்டினார்கள், காட்டியதோடு கொஞ்சம் இடமும் விட்டார்கள். அந்த இடத்தில்தான் ஆவி குடியிருந்தது. வாடகைக்கு விட வீடு கட்டுகிறவன் அறை முழுக்கத் தன் சாமானை அடைத்து வைப்பானா?

என் அனுபவம் ஒன்று. அனிமேஷன் படம் ஒன்றில், வீட்டுச் சாமி சமையலறைக்குள் வரவேண்டும். சாமியை நாங்கள் வரையவில்லை. சோற்றுப் பானையிலிருந்து நேராக ஏறிய ஆவி ஒரு பக்கமாக ஒதுங்கியது. தூங்கிய பூனைக்குக் காது மட்டும் திரும்பியது. சுவரில் தொங்கிய கரண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடி நின்றன. அவ்வளவுதான். அந்த ஆவி ஒதுங்குவதை வரைய ஒரு குளிர்காலம் முழுக்கப் போயிற்று. முதல் காட்சிக்குப் போய்ப் பின்னால் நின்று பார்த்தேன். கடைசி வரிசையில், எனக்கு நேர் முன்னால், மீன் சந்தைக்காரர் ஒருவர் காலை நடைபாதையில் நீட்டி உட்கார்ந்திருந்தார். கரண்டிகள் ஆடிக்கொண்டே வர வர, காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த மனைவி கேட்டார்: "ஏங்க, கால எதுக்கு மடக்கறீங்க?"

"வழி விட வேணாமா?"

"யாருக்கு?"

"போறவங்களுக்குத்தான். உன் பையக் கொஞ்சம் எடு, தட்டப்போவுது."

அந்த அம்மாளும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு விருது பல வந்திருக்கிறது. அந்தக் கால் மடங்கியதற்கு ஈடாக ஒன்றும் வந்ததில்லை.

இப்போது குவாஹாரா அவர்களிடம் வருகிறேன். உட்காருங்கள், எழுந்திருக்காதீர்கள். உங்களை அடிக்க வரவில்லை. உங்கள் வேலையைத்தான் அடிக்கிறேன். இந்த ஒளி விழாவுக்கு அசைவோவியம் வரையக் கேட்டு, இவர் என் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை. இனிப்பு வாங்கி வந்தார். என் வரைபடங்களைப் பார்த்தார். ஆற்று நாணல் சாய்வது, தவளைகள் சட்டென்று வாயடைப்பது, பாலத்து விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கித் தெளிவது, இவ்வளவும் வரைந்து வைத்திருந்தேன்.

"அருமையா இருக்கு சென்செய்," என்று ஆசிரியரை அழைக்கும் மரியாதையோடு சொன்னார். "ஆனா சாமி எங்க?"

"போயிட்டிருக்காரு. பாக்கலியா?"

"அது சரி. பாக்கறவங்களுக்கு ஒட்டுதல் வரணும்ல? முகம் இருந்தாத்தான் ஒட்டும். கண்ணப் பெருசா வெச்சுருங்க. கன்னத்துல லேசா செவப்பு. பயமா இருக்கக் கூடாது பாருங்க."

"ஆறு பயமாத்தாம்பா இருக்கும். எங்களக் கேளு."

"அதனாலதான் சென்செய். அந்தப் பயத்தக் கொஞ்சம் கொறைக்கலாம்னு."

நான் மறுத்துவிட்டேன். வேறு யாரோ வரைந்தார்கள். வரைந்ததில் குறை சொல்லமாட்டேன். கோடு சுத்தம், நிறம் சுத்தம். ஓர் உணவகத்து வாசலில் நிறுத்தினால் நானே பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வேன். அதை எங்கே போட்டார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

போன வாரம் ஒத்திகை. துணி புறப்பட்டது. கரையில் நின்ற வண்டியிலிருந்து ஒளி பாய்ந்தது. வெண்துணியில் இந்த மூஞ்சி வந்து உட்கார்ந்தது. கண் சிமிட்டியது. கூட்டம் சிரித்தது. கைபேசிகள் உயர்ந்தன. தலைவர் அவர்களே, முன்வரிசை இடது கழி உங்கள் கையில் இருந்தது. நீங்கள் முறைப்படி தலை குனிந்து நடந்தீர்கள். துணியில் என்ன எரிந்தது என்று நீங்கள் பார்க்கவில்லை. ஆனால் காது கேட்டிருக்குமே. அந்த 'ஓ' என்னும் ஒலி வந்ததா? ஒரு வாயிலிருந்தாவது வந்ததா?

வரவில்லை. சிரிக்கிற வாய் முனகாது.

அந்த இடது கழி அதற்கு முன் யார் கையில் இருந்தது? சொல்லுங்கள். தயங்க வேண்டாம். டோஃபு கடை ரியோசுகே கையில் இருந்தது. பெருவெள்ளத்தன்று மதகை அடைக்கப் போனவர். மதகு அடைபட்டது. கீழ்த்தெரு பிழைத்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்த மதகால் உட்கார்ந்திருக்கிறீர்கள். ரியோசுகே திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கல்லறையில் வைக்க ஒரு பிடி சாம்பல்கூட இல்லாமல், அவருடைய ரப்பர் காலணியை வைத்து மூடினோம்.

அவர் மனைவி ஹிசாயே இந்த அவையில் இருக்கிறார். அவரைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். ஆண்டுதோறும் திருவிழா அன்று அவர் பாலத்து முனையில் நிற்பார். ஏன் அங்கே? அங்கேதான் ஆற்றுக் காற்று துணிக்கு அடியில் புகும். புகுந்ததும் துணியின் இடது மூலை உப்பும். டோஃபு வாளி தூக்கித் தூக்கி ஒரு பக்கம் புடைத்த ரியோசுகேயின் தோள் அந்தத் துணியில் ஒரு கணம் வரும். வந்து போகும். "வந்துட்டீங்களா" என்று வாய்க்குள் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பொரித்த டோஃபுவை இரண்டு தட்டில் வைப்பார். அந்த அம்மாளுக்கு அது போதும். அடுத்த திருவிழா வரைக்கும் போதும்.

ஒத்திகை அன்றும் நின்றார். காற்றும் வந்தது. துணியும் உப்பியது. மறுநாள் காலை டோஃபு வாங்கப் போனேன். முகத்தைப் பார்த்து, "ஒடம்பு சரியில்லியா ஹிசாயே சான்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல சிஹாரு சான். நேத்து பாலத்துல நின்னேன்."

"தெரியும்."

"காத்து வந்துச்சு. அந்தப் படத்தோட கன்னம் பொசுக்குனு உப்பிச்சா... எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன்."

"சிரிச்சா என்ன?"

"அப்புறந்தான் ஒறச்சுது. அவரு வந்தப்பவா நான் சிரிச்சேன்? இல்ல, அவரு வரவே இல்லியா? அதுகூட எனக்குத் தெரியல. வீட்டுக்குப் போயி எத்தன தட்டு வெக்கறதுன்னு தெரியல."

அவையோரே, எனக்கு நெஞ்சு எரிகிறது. தலைநகர்க்காரர்களே, நீங்கள் ஆற்று நீரை எடுத்துக்கொண்டீர்கள், சும்மா இருந்தோம். கரையில் கான்கிரீட் கொட்டினீர்கள், சும்மா இருந்தோம். ஒரு பெண்பிள்ளை தன் புருஷனைப் பார்க்க வைத்திருந்த ஒரே ஒரு முழத் துணி, அதையுமா எடுப்பீர்கள்? எதற்காக எடுத்தீர்கள் என்று குவாஹாரா அவர்களைக் கேட்டேன். பொய் சொல்லாமல் பதில் சொன்னார், அதற்காக நன்றி.

"வெள்ளையா துணி இருந்துச்சு சென்செய். நாங்க ஸ்க்ரீன்னு நெனச்சுட்டோம்."

கேட்டீர்களா? இந்தப் பிழையை வேறு எவனாலும் செய்ய முடியாது. படம் காட்டிப் பிழைக்கிற எங்கள் இனத்தால்தான் முடியும். வெள்ளையாக எதைக் கண்டாலும் ஒளியை அடித்துவிடும் நோய் எங்களுக்கு. மறைப்பதற்காகக் கட்டிய துணி ஐயா அது. மறைத்ததால்தான் அதில் எல்லாரும் தெரிந்தார்கள். ஹிசாயேவுக்கு ரியோசுகே தெரிந்தார். தகப்பனை இழந்தவர்களுக்குத் தகப்பன் தெரிந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குப் பிள்ளை தெரிந்தது. முகமே இல்லாத சாமி ஊருக்கெல்லாம் முகம் கொடுத்தார். நீங்கள் சாமிக்கு ஒரு முகம் கொடுத்து, ஊரின் முகத்தையெல்லாம் துடைத்துவிட்டீர்கள்.

அங்கே ஒரு குரல் கேட்கிறது. "ஊருக்கு ஆளு வரணும்ல?" என்கிறது. நியாயமான கேள்வி. பள்ளியில் பிள்ளை குறைகிறது, ரயில் நிற்பதும் குறைகிறது, எனக்கும் கண் இருக்கிறது. ஆள் வரட்டும். விளக்குப் போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? துணியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றின்மேலும் போடுங்கள். துணி கடக்கும்போது நாணல்மேல் ஒளி சாயட்டும். வீட்டு வாசல் விளக்குகள் மங்கி, அது போனதும் தெளியட்டும். என் படங்களை இலவசமாகத் தருகிறேன், ராவெல்லாம் உட்கார்ந்து வேண்டுமானாலும் வரைகிறேன். வருகிறவன் காலை மடக்கி வழிவிட்டுவிட்டுப் போகட்டும். அவன் மறுபடியும் வருவான்.

தலைவர் அவர்களே, பேச்சு முடிந்தது. அந்தப் புரொஜெக்டர் உங்கள் கையசைவுக்குக் காத்திருக்கிறது. ரியோசுகேயின் கழி இன்று உங்கள் தோளில். துணிக்கு முன் தலை குனிந்தே பழகிய நீங்கள் இன்று ஒரு தடவை அதை நிமிர்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

நன்றி. தலைவர் கையசைத்துவிட்டார். ஒளியை அணைத்துவிட்டார்கள்.

ஆற்றுப் பக்கத்து ஜன்னலை யாராவது திறந்துவிடுங்கள். ஆமாம், இரண்டையும். ஆற்றுக் காற்று உள்ளே வரட்டும்.

நான் சொன்னபடி திரும்பிப் பார்க்கவில்லை. துணி என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் முகங்கள் எனக்கு நேரே இருக்கின்றன. பேச்சு நின்றுவிட்டது. விசிறிகள் நின்றுவிட்டன. மூன்றாம் வரிசையில் ஒருவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கடைசி வரிசையிலிருந்து மெல்ல அந்த 'ஓ' கிளம்புகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே வாய் மாற்றி வாய் வருகிறது. ஹிசாயே சான் எழுந்து நிற்கிறார். அவர் உதடு அசைவது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது.

போங்கள் ஹிசாயே சான். வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு வையுங்கள்.

என் கடுஞ்சொல்லைப் பொறுத்துக்கொண்ட பெரியவர்களுக்கும், துணி அலசித் தரும் தாய்மார்களுக்கும், தலை குனிந்து கேட்டுக்கொண்டிருக்கும் குவாஹாராவுக்கும், இந்த அவைக்கு வந்து சேர்ந்தவர்கள் அனைவருக்கும், வந்து போகிறவர்களுக்கும் என் நன்றி. ஆறு வாழ்க, கரை வாழ்க, வணக்கம்.