லொரீன் அக்கா மூடாமல் விட்ட கேட்

புழுதிப் பாதையின் பேரரசியே! பனிக்கும் பள்ளத்துக்கும் பணியாத பள்ளி பஸ்ஸின் சாரதியே! பிள்ளைகள் போடும் கூச்சலிலும் பாட்டுப் பாடிக்கொண்டே கியர் மாற்றும் எங்கள் அன்பு லொரீன் அக்காவே!

கால்டர் வெல்ஸ் பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் மொத்தமே நாம் நான்கு பேர். நீங்கள் ஓய்வு பெற்றால் பள்ளியில் கால்வாசி போகிறது. உங்கள் பொறுமை, நேரம் தவறாமை என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தோம். முடியவில்லை. போன செப்டம்பர்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அன்று மாலை பிள்ளைகளை வீட்டில் விட நீங்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மலைமுகட்டில் மின்னல் விழுந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. காய்ந்த சேஜ் புதர்கள் பற்றிக்கொண்டன. காற்று தீயைத் தூக்கி ரோட்டில் போட்டது. பள்ளிச் சமையலறை ரேடியோவில் உங்கள் குரல் வந்தது.

"முன்னாடியும் தீ, பின்னாடியும் தீ. டெல்மர் நிலத்து வழியா வறண்ட ஏரிக்குப் போறேன். அங்க எரியறதுக்கு ஒரு புல்லு கூட கிடையாது."

பண்ணைக்காரர் டெல்மர் ஹாக்கின் மாடுகள் முழுவதும் அந்த நிலத்தில்தான் நின்றன. அவரோ மலைக்கு அந்தப் பக்கம். தீ தன் வேலிக்குள்ளேயே வந்துவிட்டது அவருக்குத் தெரியாது. ரேடியோவில் கத்தினார்.

"லொரீன், ஏரிக் கேட்ட மூடிட்டுப் போ! என் மாடு ஒண்ணு வெளிய போச்சுன்னா உன்ன விடமாட்டேன்!"

மூடியிருந்த கேட்டைத் திறந்தால் திரும்ப மூட வேண்டும். நம் ஊரில் சாப்பாட்டு ஜெபத்தைக்கூட மறக்கலாம், இதை மறக்கக் கூடாது. நீங்கள் ஒருநாளும் மறந்ததில்லை.

"டெல்மர், நீ பேசுறது ஒண்ணுமே கேக்கல. ஒரே கரகரன்னு இருக்கு" என்றீர்கள். எங்களுக்கு அவர் குரல் மணி மாதிரி கேட்டது.

பிறகு ஹாரன். நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. பனிக்காலத்தில் வைக்கோல் லாரியில் வந்து டெல்மர் தன் மாடுகளைக் கூப்பிடும் அதே சத்தம்.

நம் ஆசிரியை மார்ஜியின் மகனும் அந்த பஸ்ஸில்தான் இருந்தான். அவர் மைக்கைப் பிடுங்கிக் கதறினார். "அக்கா, மாட்ட விடுங்க! பிள்ளைங்களப் பாருங்க!"

"ஓட்டிக்கிட்டேதான்டி ஹாரன் அடிக்கிறேன்! சும்மா இரு!"

அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. ஹாரன்கூட இல்லை. அடுப்பில் பீன்ஸ் தீய்ந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்து அணைக்கவில்லை. கடைசியில் ரேடியோவில் மறுபடி உங்கள் குரல் வந்தது.

"மார்ஜி, ஏரி நடுவுல நிக்கிறோம். எல்லாரும் இருக்காங்க. உன் பையன் இருமுறான், ஆனா பசிக்குதுன்னு உயிர வாங்குறான். டெல்மர், கோவம் இன்னும் இருந்தா இங்க வந்து திட்டு. உன் மாடுங்க என்னச் சுத்தி நின்னுக்கிட்டு வைக்கோல் எங்கன்னு கேக்குதுங்க."

அந்த டெல்மர் இன்று உங்கள் பிரிவுபசார விழாவில் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டைப் பற்றி யார் கேட்டாலும், "நான்தான் தொறந்து வைக்கச் சொன்னேன்" என்கிறார். நாங்கள் ஒருவரும் மறுப்பதில்லை.

முட்டி வலி தீர்ந்து, காபியைச் சூடு ஆறுவதற்குள் உட்கார்ந்து குடித்து, நெடுங்காலம் நலமாக இருங்கள் அக்கா! திங்கட்கிழமை வரும் புது டிரைவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்: நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று என்று மட்டும் ஹாரன் அடிக்காதே. டெல்மரின் மாடுகள் ஓடி வந்துவிடும். பின்னாலேயே நாங்களும் வந்துவிடுவோம்.

கண் கலங்க,
மிச்சமிருக்கும் மூன்று பேர்,
கால்டர் வெல்ஸ் பள்ளி