கதவடித் தகடு

ஜப்பான் கார்களின் பழைய திருகுகளைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் கழற்றக் கூடாது, சார். பார்வைக்கு எல்லாத் திருகும் ஒன்றுதான், தலையில் ஒரு கூட்டல் குறி. ஆனால் அந்தக் குறியின் சரிவு கொஞ்சம் வேறு. கையில் கிடைத்ததை வைத்து அழுத்தித் திருப்பினால் தலை மழுங்கிப்போகும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்கென்று தனி ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. நான் வரவழைத்துக் கொடுத்திருந்தேன். அத்தான் அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். உங்கள் ஸ்டேஷனிலேயே அவரிடம் வண்டி பழகியவர்கள் சிலர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள், நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். பேசினால் தெருமுனைவரை கேட்கும். எனக்குத் தொழில் பல் செட் செய்வது. "ஊர் வாயெல்லாம் இவன் கையில, இவன் வாய் மட்டும் யாருக்கும் திறக்காது" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது.

அந்தக் காரை அவருக்கு யாரோ ஒரு பழைய மாணவர் சும்மா கொடுத்துவிட்டு வெளிநாடு போனார். இரண்டு கதவு, நீண்ட பானெட், கண்ணாடிகள் கதவில் இல்லாமல் முன்சக்கரத்துக்கு மேலே இரண்டு கொம்புபோல நிற்கும். எங்கோ ஒரு கிடங்கில் டயர் நான்கும் தரையோடு ஒட்டிக் கிடந்தது. இருக்கைக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அத்தான் அதைச் சுற்றி வந்து டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, "மாப்ளே, இது தேறுமா?" என்றார். தேறும் என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவர் வீட்டுப் பின்னால் இருந்த ஷெட்டில்தான் கழிந்தன.

பாகம் தேடுவது என்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. புதிதாகச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். உலகத்தில் எங்கேயாவது ஒரு கிழவர் கடையை மூடுவார், அலமாரியின் பின்னாலிருந்து ஒரு பெட்டி விழும், அதற்குள் நமக்கு வேண்டிய பொருள் இருக்கும். அந்தக் கிழவரை நாம் கண்டுபிடிக்க வேண்டும். மொழி தெரியாத ஆட்களுக்கு, கணினி மொழிபெயர்த்துக் கொடுத்த வாக்கியங்களில், நான் கெஞ்சி எழுதியிருக்கிறேன். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி கிடைத்த அன்று லேபை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது வலது பக்கத்துக் கதவடித் தகடு. கதவைத் திறந்தால் கீழே நீளவாக்கில் ஓடுமே, அந்தத் தகடு. பழையது கையால் தொட்டாலே உதிர்ந்தது. யாரும் புதிதாக அடித்துத் தரலாம், ஆனால் அந்த மடிப்பு வராது. அதில் ஒரு மெல்லிய மடிப்பு உண்டு, சக்கரத்தருகே வரும்போது காணாமல் போவதுபோல் கரையும். மற்ற எல்லா வேலையும் முடிந்து, அந்தத் தகட்டுக்காக மட்டும் வண்டி நெடுநாள் காத்துக் கிடந்தது. கடைசியில் ஒன்று கிடைத்தது. எண்ணெய்த் தாளில் சுற்றி, ஜப்பானிய எழுத்தில் சீட்டு ஒட்டி, யாரும் பிரிக்காமல். விற்றவர், தன்னிடம் இனி இல்லை, தனக்குத் தெரிந்த யாரிடமும் இல்லை என்று எழுதினார். நானே அதைப் பற்றவைத்தேன். நானே தேய்த்தேன், நானே வர்ணம் அடித்தேன். அத்தான் வந்து பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் மாத்தினே?" என்று கேட்டார். அதைவிட நல்ல பாராட்டு எனக்கு யாரும் தந்ததில்லை. அவர் பாராட்டாகச் சொல்லவில்லை என்பது வேறு.

வண்டி ஓடியது. அதன் பிறகுதான் அத்தானுக்கு அந்த யோசனை வந்தது.

"மாப்ளே, இதை ஸ்கூல் வண்டியாக்கிடலாம். கதவுல பேரு, ஃபோன் நம்பர். மேல ஒரு போர்டு. இந்த வண்டியில கத்துக்கணும்னே கூட்டம் வரும் பாரு."

"புதுசா பழகுறவங்க கையில இதைக் குடுக்கலாமா அத்தான்?"

"பக்கத்துல நான் இருப்பேன்ல. என் காலுக்கும் ஒரு பிரேக் வச்சுட்டா முடிஞ்சுது."

"அதுக்குத் தரையில ஓட்டை போடணும்."

"போட்டா என்ன, அழுதுடுமா?"

அக்கா சிரித்தாள். அவர்கள் மகளும் சிரித்தாள். வண்டி அவர் பெயரில் இருந்தது. அவருடைய வண்டி, அவர் விருப்பம். இதை நான் அப்போதே ஏற்றுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மகளுக்கு, அத்தானின் பாப்பாவுக்கு, கல்லூரியில் தேர்வு. நான் என் காரை வெளியே நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனேன். ஷெட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அத்தானின் கால்கள் வலது கதவுக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, ஒரு காலில் செருப்பில்லை. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வெறும் ஜாக்கியில் வண்டியை நிறுத்தி அடியில் போயிருக்கிறார். முட்டுக் கொடுக்கவில்லை. ஜாக்கி சரிந்து, வண்டி அவர் நெஞ்சின்மேல் இறங்கியிருந்தது. பக்கத்தில் டிரில்லிங் மிஷின் கிடந்தது. தரையில் இரும்புத் தூள், புதியது, பளபளவென்று. துளையைப் போட்டுவிட்டிருந்தார். அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் உயிரோடு இருந்தார். முன்பு உங்களிடம் நான் வேறு மாதிரி சொன்னேன். நான் போனபோதே மூச்சில்லை என்று சொன்னேன். அது பொய்.

"மாப்ளே, வந்துட்டியா," என்றார். அந்தக் குரல் ஷெட் வாசலைக்கூடத் தாண்டியிருக்காது. "மூச்சு விட முடியலடா."

"அசையாதீங்க அத்தான்."

"ஃபோன் அங்க விழுந்துடுச்சு. பாப்பாவுக்கு அடிச்சேன், எடுக்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "உன் வண்டில ஜாக்கி இருக்கும்ல. கதவுக்குக் கீழ குடுத்துத் தூக்கு."

என் காரில் ஜாக்கி இருந்தது. சின்னது, தலை கத்திபோல இருக்கும். வண்டி இறங்கிக் கிடந்த உயரத்துக்கு அதைக் கதவடித் தகட்டில் மட்டும்தான் கொடுக்க முடியும். வேறு இடத்துக்கு அது எட்டாது. நான் குனிந்து பார்த்தேன், சார். வேறு இடம் இருக்கிறதா என்று நன்றாகத்தான் பார்த்தேன்.

"அங்க குடுத்தா தகடு நசுங்கிடும் அத்தான்," என்றேன்.

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார்போல. உதடு கொஞ்சம் விரிந்தது. "நசுங்கட்டும்டா," என்றார்.

"வீட்டுல பெரிய ஜாக்கி இருக்கு. அது நடுச் சட்டம்வரைக்கும் உள்ள போகும். இதோ எடுத்துட்டு வந்துடறேன்."

"ஃபோன்..."

"போற வழியில பண்றேன்."

நான் பண்ணவில்லை. ஃபோன் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த நேரத்தில் என் நியாயம் எனக்குத் தெளிவாக இருந்தது: தீயணைப்புக்காரர்கள் நான்கு பேர் வந்தால் நான்கு பக்கமும் கடப்பாரையை விடுவார்கள், எதில் விடுகிறோம் என்று பார்க்க மாட்டார்கள். அவர்கள் வேலை அப்படி. வெளியே வந்து கேட்டைச் சாத்தினேன். தெருவில் யாரோ தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார். நல்ல திடகாத்திரமான ஆள். எனக்குத் தலையசைத்தார், நானும் தலையசைத்தேன்.

சிக்னலில் நின்றேன். யாரையும் முந்தவில்லை. வீட்டில் மனைவி, "என்ன, போன வேகத்துல வந்துட்டீங்க?" என்றாள்.

"அத்தானுக்குப் பெரிய ஜாக்கி வேணுமாம்."

நான் பாதி வழியில் இருந்தபோது அவர் ஃபோனில் கேட்டிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஜாக்கியை டிக்கியில் ஏற்றினேன். அதன் தலைக்கு வைக்கும் ரப்பர் துண்டு உடனே கிடைக்கவில்லை. தேடினேன். அவசரமாக இல்லை, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, மூடி, இருந்த இடத்தில் வைத்து. கிடைத்தது.

திரும்பிப் போனபோது ரேடியோவில் யாரோ உடல்நலக் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தான் பேசவில்லை. பெரிய ஜாக்கியை உள்ளே தள்ளி, ரப்பரை வைத்து, நடுச் சட்டத்தில் பொருத்தி, மெல்ல ஏற்றினேன். வண்டி சத்தமில்லாமல் எழுந்தது. அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கையைத் தகட்டின்மேல் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அவர் மூக்கருகே விரலை வைத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அதற்குப் பிறகுதான்.

எல்லாரும் என்னைத் தாங்கிப் பிடித்தார்கள். ஒற்றை ஆளாக வண்டியைத் தூக்கி வெளியே எடுத்தானாம் என்று பேசிக்கொண்டார்கள். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆட்கள் வந்துபோவது குறைந்த பிறகு ஒருநாள் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "அதைப் பார்க்கவே முடியலடா என்னால. ஆனா விக்கவும் மனசு வரல. நீயே வச்சுக்க. அவருக்கும் அதுதான் பிடிக்கும்." நான் வேண்டாம் என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன்.

வண்டியை என் ஷெட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாகத் தரையில் இருந்த துளையை அடைத்தேன். அதே கனத்தில் தகடு வெட்டி, பற்றவைத்து, தேய்த்து. இப்போது பார்த்தால் யாருக்கும் தெரியாது. அன்று பற்றவைக்கும் கண்ணாடிக்குள் என் கண் எரிந்துகொண்டே இருந்தது. புகை என்று நினைத்தேன். வேலை முடிந்து கண்ணாடியைக் கழற்றிய பிறகும் நிற்கவில்லை. அதன் பிறகு அந்த வண்டியை நான் ஓட்டவில்லை, சார். கதவைத் திறந்து உட்காருவேன், சாவியைப் போடுவேன், இறங்கிவிடுவேன்.

இதெல்லாம் என்னோடு போயிருக்கும். நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். யாரும் என்னைத் தேடி வரவில்லை. அக்கா மகள்தான் வந்தாள்.

அன்று தேர்வறையில் அவள் ஃபோன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது. வெளியே வந்து பார்த்தால் அப்பாவின் அழைப்பு. திரும்ப அடித்திருக்கிறாள், அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர், வண்டி விழுந்தும் அவர் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருப்பார், யாராவது உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் பொதுவாகச் சொன்னார். அவள் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"நான் எடுத்திருந்தா பக்கத்து வீட்டு அங்கிளுக்குச் சொல்லியிருப்பேன் மாமா. அவரு ஓடியிருப்பாரு."

"தேர்வுல இருந்தே, உனக்கு எப்படித் தெரியும்மா."

"நடுவுல ஒருதடவை வெளியே வந்து தண்ணி குடிச்சேன் மாமா. அப்ப பார்த்திருக்கலாம். பார்க்கலையே."

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இதே கையால்.

மாதக்கணக்கில் இதே பேச்சு. இப்போது அவள் கல்லூரிக்குப் போவதில்லை. எந்த ஃபோன் அடித்தாலும் முதல் மணியிலேயே எடுக்கிறாள், அவளுடையதானாலும் அடுத்தவருடையதானாலும். தவறான நம்பர் என்றாலும் வைக்க விடுவதில்லை, "நல்லாத்தானே இருக்கீங்க, ஏதாவது வேணுமா" என்று கேட்கிறாள். குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடி வந்து வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறாள். நேற்று என் ஷெட்டுக்கு வந்தாள். வண்டியில் அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை ஸ்டீயரிங்மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, நீங்க போனப்ப அப்பா முகம் எப்படி இருந்துச்சு? என் மேல கோபமா இருந்த மாதிரி இருந்துச்சா?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அவர் ஒருநாளும் உன்மேல் கோபப்படவில்லை, நான் கேட்டேன், உன்னைப் பாப்பா என்றுதான் சொன்னார். அந்தப் பதிலைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. முகம் அமைதியாக இருந்தது என்றேன். இரவெல்லாம் உட்கார்ந்துவிட்டு இங்கே வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஜாக்கி சரிந்ததால் சாகவில்லை. நான் போனதால் செத்தார். கேட்டைச் சாத்தும்போதே, திரும்பி வரும்போது இவர் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவளிடம் நீங்களே சொல்லுங்கள், அவள் ஃபோனை எடுக்காததால் எதுவும் கெட்டுப்போகவில்லை, ஜாக்கியோடு ஒரு ஆள் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தான் என்று. எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். இத்தனை நாளில் இன்றுதான் மனசு சுத்தமாக இருக்கிறது. அந்த வண்டி இனி எனக்கு ஒன்றுமில்லை.

சாட்சிக்காக அதை எடுத்து வருவீர்கள், இல்லையா. உங்கள் வாசலில் நிற்கிற வண்டிகளை வரும்போது பார்த்தேன், எல்லாம் வெயிலிலும் மழையிலும் கிடக்கின்றன. இழுத்து வருகிற ஆட்கள் அவசரக்காரர்கள், கொக்கியைக் கண்ட இடத்தில் மாட்டிவிடுவார்கள். என்னையும் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போங்கள் சார், விலங்கு போட்டே கூட்டிப் போங்கள். எங்கே மாட்ட வேண்டும் என்று காட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.