முனியப்பன் காலடியில் வைத்த ஜப்பான் விமானம்

1943-ஆம் வருடம் ஜூன் மாதம் 21-ஆம் தேதி, தர்மபுரியில், மாஜிஸ்திரேட் முன்னிலையில், தானாக வந்து சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டது:

என் பெயர் தீர்த்தம்மாள். வயது சுமார் நாற்பத்தாறு. காலஞ்சென்ற மாது என்பவரின் மனைவி. சேலம் ஜில்லா, தர்மபுரி தாலுகா, பாப்பாரப்பட்டி ஏரிக்கரைத் தெருவில் குடியிருக்கிறேன். என்னை யாரும் மிரட்டிக் கூட்டி வரவில்லை.

ஊருக்கு மேற்கே கரட்டின்மேல் சர்க்கார் போட்டிருக்கும் விமானக் காவல் கொட்டகையைப் பெருக்கித் தண்ணீர் வைப்பது என் வேலை. வானத்தில் விமானம் தெரிந்தால் அது நம்முடையதா ஜப்பான்காரனுடையதா என்று பார்த்துச் சொல்ல அங்கே வத்தல்மலைக் கரியன் காவல் இருந்தான். பார்த்துப் பழகுவதற்காகப் பட்டணத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதில் ஜப்பான் கப்பற்படையின் வேவு விமானம் ஒன்று சிறு சிறு மரத்துண்டுகளாக இருந்தது. கரியன் மூன்று நாள் பகலெல்லாம் உட்கார்ந்து, கூட வந்த படத்தைப் பார்த்துப் பார்த்துப் பசை வைத்து ஒட்டினான். ஒரு முழ நீளம்கூட இல்லை. தண்ணீரில் இறங்குவதற்காக அதன் அடியில் இரண்டு படகு உண்டு. ஒரு படகு பெட்டியில் வராததால் கரியனே வெப்பாலை மரத்தில் செதுக்கிப் பொருத்தினான். முடித்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டி, வாய் கொள்ளாமல் சிரித்தான்.

என் ஒரே மகன் அர்ச்சுனன் சரக்குக் கப்பலில் கரி தள்ளுகிற வேலையில் இருந்தான். மார்கழியில் அவன் எழுதிய கடிதம் தை மாதக் கடைசியில் வந்தது. கொட்டகை குமாஸ்தா கிருஷ்ணப்பன் படித்துச் சொன்னார். அடியில் இரண்டு படகு கட்டின விமானம் ஒன்று வந்து கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும், அது குண்டு போடாது, ஆனால் அது வந்து போன மறுநாள் குண்டு போடுகிறவை வரும், அதைக் கண்டால்தான் எல்லோருக்கும் பயம் என்று எழுதியிருந்தான். அதைக் கேட்டதும் மேசைமேல் இருந்த அந்தச் சனியனைப் பார்த்தேன். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் பாம்பு வந்தால் மண்ணில் பாம்பு உருவாரம் செய்து முனியப்பன் காலடியில் வைப்போம். தேள் வந்தால் தேள். வைத்த பிறகு அது நம்மை அண்டாது. வைத்ததை யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் கோபத்தோடு திரும்பி வரும். குயவரிடம் போய் விமானம் செய்து கொடு என்றால் சிரிப்பார். அதனால் மாசி ஆறாம் தேதி வியாழக்கிழமை காலை, கரியன் வெளியே மேட்டில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம், அதைக் குப்பைக் கூடைக்குள் வைத்து மூடி எடுத்துப்போனேன். அதன் பிறகு முனியப்பன் காலடியில், மண்குதிரைகளின் மறைவில் வைத்து, இது என் மகன் பக்கம் போகக் கூடாது என்று விழுந்து கும்பிட்டேன்.

கொட்டகைச் சாவி கரியனிடம் இருந்ததால் மறுநாள் அவனைப் பிடித்துப் போனார்கள். எதிரிக்குக் கொடுத்துவிட்டான் என்று யுத்தச் சட்டத்தில் கேஸ் போட்டார்கள். சாமையும் தேனும் தவிர ஒன்றும் அறியாதவன் ஜப்பான்காரனை எங்கே கண்டான். அதன் பிறகு அவன் பெண்சாதி சின்னபொண்ணு மலையிலிருந்து இறங்கி வந்து என்னைக் கேட்டாள்.

“அக்கா, நீங்க பெருக்கறப்ப எங்கியாச்சும் கண்ணுல பட்டுச்சுங்களா?”

இல்லை என்றேன். எடுத்துக் கொடுத்தால் மகன் உயிர் போகும், கொடுக்காவிட்டால் கரியன் கொஞ்ச நாள் உள்ளே இருப்பான், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அதன் பிறகு இரண்டு தடவை களி கிண்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்தேன். இரண்டாம் தடவை எலும்பும் தோலுமாக இருந்தான். சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். வைகாசிக் கடைசியில் சீதபேதி கண்டு அங்கேயே செத்துப்போனான். அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. போனவன் போய்விட்டான், இருக்கிறவன் வந்து சேரட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை கப்பல் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஜனவரி ஒன்பதாம் தேதி குண்டு விழுந்து கப்பல் முழுகியது என்றும் பிழைத்தவர்களில் அர்ச்சுனன் இல்லை என்றும் கிருஷ்ணப்பன் படித்தார். தமிழில் என்ன தேதி என்று கேட்டேன். மார்கழி இருபத்தைந்து என்றார். நான் விமானத்தை எடுத்தது மாசியில். என் மகன் செத்து நாற்பது நாள் கழித்து அவனைக் காப்பாற்றப் போயிருக்கிறேன். கரியன் ஒன்றுக்கும் இல்லாமல் செத்தான். நான் கொன்றேன்.

சேதி கேட்டு நேற்று சின்னபொண்ணு வந்தாள். புருஷன் செத்து ஒரு மாதம் ஆகாதவள் என்னைக் கட்டிக்கொண்டு என் மகனுக்காக அழுதாள். களி உருட்டி என் வாயில் வைத்து, “நா இருக்கறேன் அக்கா, தனியா ஆயிட்டேன்னு நெனைக்காதீங்க” என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மகன் விஷயமாகக் கைநாட்டு வைக்கப் போகிறேன் என்று சொன்னதால் அவளும் எனக்குத் துணையாக வந்து வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். விமானம் கோயிலில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கரியன் திருடன் இல்லை என்று சர்க்கார் காகிதத்தில் எழுத வேண்டும். எனக்கு என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை. என் வாயால் அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவளை உள்ளே கூப்பிட்டு, அவள் காதில் விழும்படி இதைப் படிக்க வேண்டும்.

சொன்னது அத்தனையும் நடந்தது. இதில் பொய் இல்லை. பொய் சொன்னதெல்லாம் இதற்கு முன்புதான்.

தீர்த்தம்மாள், பெருவிரல் ரேகை.

மேற்படி வாக்குமூலம் சின்னபொண்ணு முன்னிலையில் படித்துக் காட்டப்பட்டது. விளங்கவில்லை என்று அவள் சொன்னதால் மறுபடியும் படிக்கப்பட்டது. சாட்சியாக ரேகை வைக்கச் சொன்னதும் எழுந்து போய்விட்டாள்.